சுற்றிச் சுற்றி எங்கே போகிறார்கள்? மோட்டார் பந்தயம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

"எய்யா, இவனுவ ஒரே இடத்தையே சுத்திச் சுத்தி வாரானுவளே, எங்கதான் போறானுவ?"

பல வருடத்துக்கு முன்னால், பாளையங்கோட்டை வீட்டு முன்னறையில் டிவியில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தபோது ஆச்சி கேட்ட கேள்வி இது. "போட்டி ஆச்சி, யார் முதல்ல வாரான்னு பாக்கணும்" என்று நான் சொன்னேன். அது பதிலே இல்லை. யார் முதலில் வருகிறார் என்று கடைசி நிமிடத்தில் பார்த்தால் போதுமே, எதற்கு ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும்? சரியான பதில் பிடிபட எனக்குச் சில வருடம் ஆனது. அவர்கள் முன்னால் போகிறவனை நோக்கிப் போகிறார்கள். அவனுக்கும் இவனுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது, அது சுற்றுக்குச் சுற்று குறைகிறது அல்லது கூடுகிறது. அந்த இடைவெளிதான் பந்தயம். வேகம் அல்ல. இதை ஒரே ஒரு தடவை கண்ணால் பிடித்துவிட்டால் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் உங்களை யாரும் கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போக முடியாது.

இந்தக் கட்டுரை நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு. அஜித்குமார் பந்தயம் ஓட்டுவதைப் பார்த்து ஆர்வம் வந்தவர்கள், கூட வேலை பார்ப்பவர் பேசுவதைக் கேட்டு ஒன்றும் புரியாமல் தலையாட்டியவர்கள், பையன் பார்க்கிறான் என்பதால் கூட உட்கார்ந்த அம்மா அப்பா, எல்லோருக்கும். செலவு பெரிதாக இல்லை. பைக், கார் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா?

ஒட்டப்பிடாரம், கயத்தாறு பக்கம் கோயில் கொடைக்கு நடக்கிற மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ரோட்டோரம் நிற்கிற ஆளுக்கு வண்டிகள் கண்ணில் படுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பழகிய ஆள் என்ன பார்க்கிறார்? முதல் வண்டி எவ்வளவு வேகம் என்று பார்ப்பதில்லை. இரண்டாவது வண்டி எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது, அந்த மாட்டுக்கு இன்னும் மூச்சு இருக்கிறதா, சாரதி விரட்டுகிறானா இல்லை கையை அடக்கிப் பிடித்திருக்கிறானா, இதைத்தான் பார்க்கிறார். போகும்போது மூன்றாவதாகப் போன வண்டி எல்கையைத் தொட்டுத் திரும்பி வரும்போது முதலாவதாக வரும் என்று அவரால் சொல்ல முடிகிறது. மாட்டை அடக்கி வைத்தவனுக்குத் திரும்பும்போது மாடு மிஞ்சும்.

கார் பந்தயமும் இதேதான். அங்கே மாட்டின் மூச்சு என்பது டயர். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஒரே ஒரு பந்தயத் தொடரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆரம்பித்து இரண்டு மாதத்தில் விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றைப் பிடியுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ஃபார்முலா 1 சரியாக வரும். 2026-ல் இருந்து 11 அணிகள், அணிக்கு 2 பேர், மொத்தம் 22 கார். 2024, 2025 இரண்டு வருடமும் 24 பந்தயங்கள் நடந்தன, மார்ச்சில் தொடங்கி டிசம்பர் வரை. ஒரு பந்தயத்தின் தூரம் 305 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மொனாக்கோவில் மட்டும் 260, அங்கே தெருக்கள் அவ்வளவு குறுகல். முதல் 10 பேருக்குப் புள்ளி உண்டு: 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்து அதிகம் வைத்திருப்பவர் சாம்பியன். 2025-ல் நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. ஒரு வருடம் முழுக்க உலகம் சுற்றி ஓட்டிவிட்டு இரண்டே புள்ளி வித்தியாசம்! அதனால்தான் ஒன்பதாவது இடத்துக்கு நடக்கிற சண்டையைக் கூட விடாமல் பார்க்கச் சொல்கிறேன்.

பைக் மேல் உயிராக இருப்பவர்களுக்கு மோட்டோ ஜிபி. பந்தயம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், முந்துவது மிக அதிகம், சனிக்கிழமையும் ஒரு குட்டிப் பந்தயம் உண்டு. வளைவில் பைக் 60 டிகிரிக்கு மேல் சாய்கிறது, முழங்கை தரையில் உரசுகிறது. 2023-ல் இத்தாலியின் முஜெல்லோவில் பிராட் பைண்டர் தொட்ட வேகம் மணிக்கு 366.1 கிலோமீட்டர். என் மனசாட்சிப்படி சொன்னால், பந்தயமே பார்த்திராத ஒருவரை உட்கார வைத்துக் காட்ட மோட்டோ ஜிபியை விட நல்லது எதுவும் இல்லை. ஆனால் வருடக் கணக்கில் ஒட்டிக்கொள்வது ஃபார்முலா 1 தான், ஏனென்றால் அதில் யோசிக்க நிறைய இருக்கிறது.

மூன்றாவது வகை, நீண்ட நேரப் பந்தயம். பிரான்சில் ஜூன் மாதம் நடக்கிற லெ மான் 24 மணி நேரப் பந்தயம் 1923-ல் தொடங்கியது. ஒரு காரை மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். இதில் புதியவர்களுக்குக் குழப்பம் தருவது பிரிவுகள். நம்ம ஊரில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வண்டிகளைப் பிரிப்பது போலத்தான் அங்கேயும் பிரிக்கிறார்கள். ஒரே வித்தியாசம், அங்கே எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில் ஒரே டிராக்கில் ஓடும். வேகமான கார்கள் மெதுவான கார்களைக் கடந்துகொண்டே இருக்க வேண்டும், இருட்டிலும் மழையிலும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 3-ஆம் இடம் பிடித்தது என்று படித்திருப்பீர்கள், அது 991 என்கிற பிரிவுக்குள் 3-ஆம் இடம். ஓடிய அத்தனை காரிலும் 3-ஆவது என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். பிரிவு தெரிந்தால்தான் அந்த இடத்தின் அருமையும் தெரியும்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இந்த விளையாட்டு நம் கடிகாரத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நமக்கு ஞாயிறு சாயங்காலம் 6.30-க்கு. வெயில் இறங்கி, வாசல் தெளித்து, டீயும் வடையும் வருகிற நேரம். இங்கிலாந்தில் நடப்பது மட்டும் 7.30. சிங்கப்பூர் 5.30-க்கு. ஜப்பான் காலை 10.30, ஆஸ்திரேலியா காலை 9.30. பிரேசில் இரவு 10.30. அமெரிக்காவில் ஆஸ்டின், மெக்சிகோ இரண்டும் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் அதை மட்டும் காலையில் மறுஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை ஃபோனைத் தொடக் கூடாது. முடிவு தெரிந்துவிட்டால் இடைவெளியைப் பார்க்கிற சுகம் போய்விடும்.

2024-ல் இருந்து ஃபார்முலா 1 இங்கே ஃபேன்கோட் செயலியில் வருகிறது. ஒளிபரப்பு உரிமை கைமாறிக்கொண்டே இருக்கும் விஷயம் என்பதால், பணம் கட்டும் முன் அந்த வருடம் எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், முதலில் ஒரே ஒரு பந்தயத்துக்கோ ஒரு மாதத்துக்கோ கட்டிப் பாருங்கள். ஃபோன் திரையில் பார்ப்பது சரிவராது. எழுத்துகள் சின்னது, கார்கள் எறும்பு மாதிரி தெரியும். டிவியில் இணைத்துப் பாருங்கள், இல்லை டிவி வைத்திருக்கிற நண்பன் வீட்டுக்குப் போங்கள். நண்பனோடு பார்ப்பதுதான் நல்லது, கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

சனிக்கிழமையை விடாதீர்கள்

ஞாயிறு பந்தயத்தை மட்டும் பார்ப்பது, முன்கதை தெரியாமல் இடையில் போய் உட்கார்வது மாதிரி. ஞாயிறு யார் எந்த இடத்தில் இருந்து தொடங்குவது என்பதை முடிவு செய்வது சனிக்கிழமை தகுதிச் சுற்று, ஐரோப்பாவில் என்றால் நமக்கு இரவு 7.30-க்கு, ஒரு மணி நேரம். மூன்று கட்டம். முதல் கட்டத்தில் கடைசி 6 பேர் வெளியே, இரண்டாவதில் இன்னும் 6 பேர், மிச்சம் 10 பேர் முதல் இடத்துக்கு மோதுவார்கள். வேகம் மட்டும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் அதைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். காலியான டிராக், புது டயர், ஒரே சுற்று, ஒரு கண்ணிமைப்பில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இடம் போய்விடும்.

ஞாயிறு: திரையின் இடது ஓரம்

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி.

முதல் சில பந்தயங்களில் கண் தானாகக் காரின் பின்னால் போகும். போகட்டும். ஆனால் சுற்றுக்கு ஒரு முறையாவது திரையின் இடது ஓரத்துக்கு வாருங்கள். அங்கே ஓட்டுநர்களின் பெயர் மூன்று மூன்று எழுத்தாக மேலிருந்து கீழே இருக்கும். பக்கத்தில் ஒரு எண். அது சில நேரம் முதல் காருக்கும் அந்தக் காருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும், சில நேரம் நேர் முன்னால் போகிற காருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது.

ஒரு ஜோடியைப் பிடியுங்கள், முதல் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஐந்தாவதும் ஆறாவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 4.2 நொடி. அடுத்த சுற்று 3.9. அப்புறம் 3.5. அப்புறம் 3.0. திரையில் இந்த இரண்டு காரையும் காட்டவே இல்லை, வர்ணனையாளரும் வேறு யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் உங்களுக்குத் தெரியும், இன்னும் ஐந்து ஆறு சுற்றில் அங்கே ஒரு சண்டை நடக்கப் போகிறது. அந்தச் சண்டை நிஜமாகவே வந்து, கேமரா அங்கே தாவும்போது, "நான் அப்பவே சொன்னேம்லா" என்று பக்கத்தில் இருப்பவன் தொடையில் அடிப்பீர்கள். அந்த நிமிடம் நீங்கள் ரசிகர். அதற்கு முன்னால் வரை பார்வையாளர்தான்.

1 நொடி என்பது ஒரு எல்லை. 2011 முதல் 2025 வரை, முன்னால் போகிற காருக்கு 1 நொடிக்குள் வந்தால் பின் இறக்கையைத் திறந்துகொள்ளலாம், அதற்கு டிஆர்எஸ் என்று பெயர். 2026-ல் அது போய்விட்டது. இப்போது அதே 1 நொடிக்குள் வருபவருக்குக் கூடுதல் மின்சக்தி கிடைக்கிறது. கருவி மாறினாலும் நமக்கு வேலை ஒன்றுதான்: 1.0-க்குக் கீழே எண் வந்ததும் நிமிர்ந்து உட்காருங்கள்.

ஆனால் 0.8-க்கு வந்தும் பத்துச் சுற்றாக முந்த முடியாமல் தவிப்பார்கள், அதற்குக் காரணம் காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடி மாதம் பைக்கில் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் வண்டி நகரவே மாட்டேன் என்கும். முன்னால் ஒரு லாரி போனால் அதன் முதுகுக்குப் பின்னால் காற்று அடங்கி, வண்டி தானாக இழுத்துக்கொண்டு போகும். நேர் ரோட்டில் பந்தயக் காருக்கும் இந்த லாபம் உண்டு. வளைவில்தான் நஷ்டம். பந்தயக் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதே அதன் இறக்கையிலும் அடிப்பக்கத்திலும் ஓடுகிற காற்றுதான். முன்னால் போகிற கார் அந்தக் காற்றைக் கலக்கிவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு அழுத்தம் குறைகிறது, கார் வழுக்குகிறது, டயர் தேய்கிறது, சூடாகிறது. அதனால் நெருங்கிப் போவதே ஒரு செலவு. சிலர் வேண்டுமென்றே 2 நொடி பின்வாங்கி, டயரை ஆற வைத்து, மறுபடி பாய்வார்கள். வர்ணனையாளர் சொல்லாவிட்டாலும் எண்களில் இது தெரியும்.

டயர், டயர், டயர்

ஃபார்முலா 1-ல் எல்லா அணிக்கும் பிரெல்லி டயர்தான். சிவப்பு வளையம் போட்டது மென்மை, பிடிப்பு அதிகம், சீக்கிரம் தேயும். மஞ்சள் நடுத்தரம். வெள்ளை கடினம், நீண்ட நேரம் தாங்கும். மழைக்குப் பச்சையும் நீலமும், பச்சை லேசான ஈரத்துக்கு, நீலம் கொட்டுகிற மழைக்கு. காய்ந்த டிராக்கில் பந்தயம் நடந்தால் குறைந்தது இரண்டு வகையாவது பயன்படுத்தியாக வேண்டும், அதனால் எல்லோரும் ஒரு முறையாவது பிட்டுக்கு, அதாவது டிராக்கை ஒட்டி டயர் மாற்றுகிற இடத்துக்கு, வந்துதான் ஆக வேண்டும். நான்கு சக்கரத்தையும் மாற்ற இரண்டு மூன்று நொடி போதும். 2023-ல் கத்தாரில் மெக்லாரன் 1.80 நொடியில் மாற்றியது. ஆனால் உள்ளே மெதுவாக வந்து வெளியே போவதில் மொத்தமாக 20 நொடிக்கு மேல் போய்விடும், இடத்தைப் பொறுத்து கூடும் குறையும்.

இப்போது ஒரு கணக்கு. பேனாவை எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை, நான் எடுத்திருக்கிறேன். முன்னால் போகிறவனை முத்து என்று வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் போகிறவனைச் சுடலை. நடுவே 1.5 நொடி. இருவர் டயரும் தேய்ந்துவிட்டது. சுடலையால் டிராக்கில் முந்த முடியவில்லை. அவன் அணி அவனை முதலில் உள்ளே கூப்பிட்டுப் புது டயர் மாட்டுகிறது. புது டயரில் அவன் அந்த ஒரு சுற்றை முத்துவை விட 2 நொடி வேகமாக ஓட்டுகிறான். அடுத்த சுற்றில் முத்துவும் உள்ளே வந்து மாற்றிவிட்டு வெளியே வருகிறான், இருவருக்கும் பிட்டில் ஆன நேரம் ஒன்றுதான். முத்துவிடம் இருந்தது 1.5, போனது 2. சுடலை அரை நொடி முன்னால்! ஒரு காரையும் டிராக்கில் தொடாமல், மறிக்காமல் முந்தியாயிற்று. இதற்கு அண்டர்கட் என்று பெயர். இதையே மாற்றி, எதிராளி உள்ளே போனபின் பழைய டயரிலேயே வேகமாக ஓட்டி முந்துவது ஓவர்கட்.

ஒருவன் திடீரென்று பிட்டுக்குள் திரும்பும்போது இனி "டயர் மாத்தப் போறான்" என்று நினைக்காதீர்கள். "யாரை முந்தப் போறான்?" என்று கேளுங்கள், பதில் இடது ஓரத்தில் இருக்கும்.

டயர் ஒரு பந்தயத்தையே கவிழ்க்கும் என்பதற்கு நம்மவர் ஒருவரே சாட்சி. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர், 2005-ல் ஜோர்டன் அணிக்கு ஓட்டினார். அந்த வருடம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் போட்ட கார்களுக்கு, சாய்வாக அமைந்த 13-ஆவது வளைவில் டயர் தாங்காது என்று தெரிந்துவிட்டது. அந்த வருட விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் முடியாது. 14 கார்கள், பந்தயத்துக்கு முன்னால் மெதுவாக ஓட்டுகிற அணிவகுப்புச் சுற்று முடிந்ததும், பந்தயம் தொடங்கும் முன்பே பிட்டுக்குத் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டும் ஓடின. நரேன் 4-ஆவது, அப்போதைய கணக்குப்படி 5 புள்ளி, ஃபார்முலா 1-ல் இந்தியருக்குக் கிடைத்த முதல் புள்ளிகள். "ஆறு பேர்ல நாலாவதா" என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அந்தக் காரில் அங்கே நிற்பதற்கு அவர் சின்ன வயதில் இருந்து எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு மனிதரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அணியைப் பிடிக்காதீர்கள், முதலில் ஒரு ஓட்டுநரைப் பிடியுங்கள். வெற்றி பெறுபவராக இருக்க வேண்டியதே இல்லை. நடுவில் ஓடுகிற ஒருவரைப் பிடித்தால் திரை காட்டாவிட்டாலும் எண்களில் அவரைத் தேடுவீர்கள், பழக்கம் சீக்கிரம் வரும்.

என்னைப் பிடித்து இழுத்தது 2008 பிரேசில், அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். சித்தப்பா மகன், என்னை விட மூத்தவன், இரவு 10.30-க்கு எழுப்பி உட்கார வைத்தான். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், சத்தம் குறைத்து வைத்திருக்கிறோம். சொந்த ஊரில் மாசா முதலில் வந்து கோட்டைத் தாண்டிவிட்டார். ஹாமில்டன் 6-ஆவது. அப்படியே முடிந்தால் மாசா சாம்பியன். அவர் குடும்பம் பிட்டில் குதிக்கிறது. மழை. முன்னால் போன கிளாக் மழை டயருக்கு மாறாமல் காய்ந்த டயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார், கடைசிச் சுற்றில் பிடிப்பே இல்லாமல் தடுமாறினார். கடைசி வளைவுகளில் ஹாமில்டன் அவரைத் தாண்டி 5-ஆவது ஆனார். 98-க்கு 97, ஒரு புள்ளியில் சாம்பியன். மாசா மேடையில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஜெயித்தவனை விட அவன் முகம்தான் எனக்கு ஒட்டிக்கொண்டது, அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை.

இன்னொருவர், ராபர்ட் குபிட்சா. போலந்துக்காரர். 2007-ல் கனடாவில் பயங்கர விபத்து, அடுத்த வருடம் அதே கனடாவில் முதல் வெற்றி. 2011-ல் ராலி என்கிற சாலைப் பந்தயம் ஒன்றில் வலது கை ஏறக்குறைய அறுந்துபோகிற அளவுக்கு அடிபட்டார். எல்லோரும் முடிந்தது என்றார்கள். 2019-ல் ஃபார்முலா 1-க்குத் திரும்பினார், 2025-ல் லெ மான் பந்தயத்தை வென்றார். இப்படி ஒருவரை வருடக் கணக்கில் தொடர்வதுதான் இந்த விளையாட்டில் கிடைக்கிற பெரிய செல்வம். ஒரு பந்தயத்தைப் பார்த்து இது கிடைக்காது, இருந்து பார்க்க வேண்டும்.

நம்ம மண்ணோடு தொடர்பும் இருக்கிறது. டிவிஎஸ் என்ற பெயரின் முதல் எழுத்து திருக்குறுங்குடி, டி.வி. சுந்தரம் அய்யங்காரின் ஊர், நாங்குநேரி தாண்டி மலையடிவாரத்தில். அந்தப் பெயரைத் தாங்கிய பைக் உலகின் கடினமான பாலைவன ராலியில் ஓடியிருக்கிறது. 2024 டக்கார் ராலியில், பக்கத்துக் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா, ஷெர்கோ டிவிஎஸ் அணிக்காக ஓட்டி ராலி 2 பிரிவில் முதலிடம் பெற்றார், டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர். நம்ம வயல் வரப்பில் நெல் மூட்டை சுமக்கிற டிவிஎஸ் எக்ஸ்எல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவு வரும்.

பயமும் இதில் உண்டு

மறைக்கக் கூடாது. பார்க்கத் தொடங்கினால் ஒருநாள் மோசமான விபத்தை நேரலையில் பார்ப்பீர்கள். 2020 பஹ்ரைனில் குரோஜான் கார் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. அரை நிமிடத்துக்குள் அவர் தீக்குள்ளிருந்து எழுந்து வந்தார், கையில் தீக்காயம், உயிர் பிழைத்தது. தலைக்கு மேல் இருக்கிற ஹேலோ என்கிற டைட்டானியம் வளையம் காப்பாற்றியது. 2018-ல் அதைக் கட்டாயமாக்கியபோது அழகு கெட்டுப்போச்சு என்று பேசியவர்கள் அதற்கப்புறம் பேசவில்லை. எல்லா நாளும் அப்படி முடிவதில்லை. 2023-ல் சென்னைப் பக்கம் நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலேயே இரண்டு உயிர் போயிற்று. பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள், விபத்து நடந்து மறுஒளிபரப்பு காட்டாமல் இருந்தால் நிலைமை சரியில்லை என்று புரிந்துகொண்டு, அவர்களிடம் நேராகப் பேசுங்கள்.

டிராக்கில் ஓடுபவனுக்கு ஹேலோ, தீத்தாங்கும் உடை, வளைவுக்கு வளைவு கொடி காட்டி எச்சரிக்கிற மார்ஷல், நிமிடத்தில் வருகிற மருத்துவக் கார் எல்லாம் உண்டு. நாகர்கோவில் போகிற நாலு வழிச் சாலையில் இரவு பைக்கை முறுக்குகிற பையனுக்கு எதுவும் கிடையாது, எதிரே எருமை வரும், வெளிச்சம் இல்லாத டிராக்டர் வரும். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் அப்படித்தான் போனான். அவன் வீட்டுக்குப் போனால் அவன் அம்மா இன்னும் எனக்கு டீ போட்டுத் தருகிறார்கள். பந்தயம் பிடித்த பையன் வீட்டில் இருந்தால் அவனைத் திட்டாதீர்கள், குட்டிப் பந்தயக் கார் ஓட்டுகிற கார்ட்டிங் டிராக்குக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள். ஹெல்மெட் போட்டு, பெல்ட் போட்டு, எதிரே வண்டி வராத இடத்தில் அவன் ஓட்டட்டும். பத்து நிமிடத்தில் கை நடுங்க இறங்குவான், ரோட்டில் அந்த ஆசை குறையும்.

நேரில் போக

டிவியில் ஐந்தாறு பந்தயம் பார்த்தபின் கட்டாயம் ஒருமுறை நேரில் போங்கள். தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளத்தில் வருடக் கணக்கில் பந்தயம் நடந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது, அவர்கள்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக்கைக் கட்டினார்கள். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, பந்தயக் கார்களை வடிவமைத்துப் பல இளைஞர்களுக்கு வழி திறந்த கரிவர்தன் பெயரில். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி, நகரத் தெருவிலேயே இரவுப் பந்தயமும் நடந்தது.

தேசியப் பந்தயங்கள் பெரும்பாலும் வருடத்தின் இரண்டாம் பாதியில், வெள்ளி முதல் ஞாயிறு வரை. போகும் முன் தேதியை உறுதி செய்யுங்கள், மழையால் தள்ளிப்போவதுண்டு. சிறிய பந்தயங்களில் கூட்டம் குறைவு, அதுதான் நமக்கு லாபம். காரைத் தள்ளிக்கொண்டு போகிற மெக்கானிக், தலை நனைந்து இறங்கி வருகிற பதினெட்டு வயது ஓட்டுநர், எல்லோரையும் பக்கத்தில் பார்க்கலாம். வேலியோரம் நிற்க ஒரே இடத்தைப் பிடிக்காதீர்கள். நேர் ரோட்டில் கொஞ்சம் நில்லுங்கள், சத்தம் நெஞ்சுக்குள் போகும். அப்புறம் நேர் ரோடு முடிந்து வளைவு தொடங்குகிற இடத்துக்குப் போங்கள். யார் கடைசி வரை பிரேக் போடாமல் வருகிறார் என்று அங்கேதான் தெரியும். கையில் ஃபோனில் நிறுத்துக்கடிகாரம் இருந்தால், முதல் கார் உங்களைக் கடக்கும்போது அழுத்துங்கள், இரண்டாவது கடக்கும்போது நிறுத்துங்கள். அடுத்த சுற்றிலும் அதையே செய்யுங்கள். திரையில் பார்த்த இடைவெளி இப்போது உங்கள் கையில் இருக்கும்.

தொப்பி, தண்ணீர், காதுக்கு அடைப்பான், மாற்றுச் சட்டை வேண்டும். உள்ளே சாப்பாடு எப்போதும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், இட்லிப்பொடி தடவிய இட்லி கட்டிக்கொண்டு போங்கள், மதியம் வரை கெடாது. மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள், வெயிலில் நாள் முழுக்க நிற்பவர்கள். அவர்கள் விலகச் சொன்னால் உடனே விலகுங்கள், ஓய்வாக இருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுங்கள். அந்த வேலைக்கு எப்படிச் சேர்வது என்று அவர்களிடமே கேட்கலாம்.

இருங்காட்டுக்கோட்டைக்கு வெள்ளி இரவு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி, சனி காலை தாம்பரத்தில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிடிப்பது எனக்குத் தெரிந்த சுலபமான வழி. சனிக்கிழமை தகுதிச் சுற்றும் கிடைத்துவிடும். திரும்புவதற்கு ஞாயிறு இரவு டிக்கெட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள், அன்றைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே ஏறுகிற மாதிரி போடுங்கள், கடைசிப் பந்தயம் பிந்தினாலும் அதை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்காது.